நிலவரம் வழக்கம்போல்

ஓய்வுபெற்ற வாரண்ட் அதிகாரி
செண்பகவல்லி த/பெ இருளாண்டி அவர்களுக்குக்
கோலாலம்பூரிலிருந்து பதினான்கு கேள்விகள்.
உளவுத் தகவலும் படைத் தயார்நிலையும்: மறு ஆய்வு.
ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு அங்குலக் கட்டம்.

லாபிஸ் ரயிலடிக்கு எதிரே
ஒட்டுக்கடைத் தகரத்தில் மழை.
தே தாரிக்கில் ஆடை கட்டுகிறது.

கேள்வி மூன்று: தங்கள் தகவலின் மூலம் எது?
ரொட்டி, என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

தென் லெபனானில்
எங்கள் வெள்ளை வண்டி நிற்கும் வளைவில்
அபு நாசிமின் அடுப்பு.
விடியலில் முந்நூறு ரொட்டி சுடுவார்.
ஒரு செவ்வாய்க்கிழமை நூற்றுப்பத்து.
புதன் அறுபது.
பிள்ளைகள் உள்ள வீடுகள் போய்க்கொண்டிருந்தன,
இரவில், விளக்கணைத்து,
எங்கள் தொலைநோக்கியின் கண்ணில் படாமல்.
எழுதி அனுப்பினேன்.
மேலிடம் கேட்டது:
வாகனம் எத்தனை, ஆயுதம் என்ன, ஆயத்தொலைவு என்ன?
ரொட்டிக்கு ஏது ஆயத்தொலைவு.
'நிலவரம் வழக்கம்போல்' என்று திருத்தினார்கள்.
வெள்ளிக்கிழமை
அந்தப் புகைபோக்கி மட்டும் நின்றது.
அன்று எங்கள் தயார்நிலை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
தலைக்கவசம் சரி. எரிபொருள் சரி.

கேள்வி ஏழு: அமைதிக் காலத்தில்
இத்திறன் எவ்வாறு பயன்படும்?

தலை நிமிர்ந்தேன்.
ஆ செங் கடையில்
வங்காளதேசப் பையன்களின் கடன் நோட்டு
மூன்று நாளாகத் திறக்கவில்லை.
ஆலை வாசலில் மோட்டார்கள்
மூக்கைச் சாலைப் பக்கம் திருப்பி நிற்கின்றன.
செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளைக்
குணாளன் ஆட்கள்
ஸ்டோரில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

பக்கத்து மேசைக்கு நகர்ந்தேன்.
பேச்சு நின்றது.
"போலீசுக்குச் சொல்றவ."
ஓய்வு பெற்று ஆறு வருஷம், இந்தப் பேர் ஓயவில்லை.
குறை சொல்லமாட்டேன்.
இங்கே யாராவது பேரெழுதிப் போனால்
அடுத்து வருவது லாரிதான்.

படிவத்தை மடித்து ஞெகிழிப் பையில் போட்டேன்.
பேனாவைக் கடையிலேயே விட்டேன்.

கொங்சி வீட்டில் ரொபியுல் சொன்னான்:
ரெண்டு மாசச் சம்பளம் வரல, தமிழாளுங்களுக்குப் போட்டாச்சாம்.
குணாளன் சொன்னான்:
எங்களுக்கு வரல, அவனுங்க வாங்கிட்டானுங்க.
இரண்டு பேருக்கும் சொன்னது ஒரே வாய்:
ஒப்பந்தக்காரரின் கிராணி.

பதினெட்டு வருஷம் எனக்குப் பழக்கியது இது:
தெரிந்ததைப் பூட்டி வை, மேலே அனுப்பு, காத்திரு.
அன்றைக்கு மேலே யாருமில்லை.
இருவரின் சம்பளச் சீட்டையும் வாங்கி
அரிசி மூட்டைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன்.
இரண்டிலும் பூஜ்யம்.
ஒரே மை, ஒரே சாய்ந்த கையெழுத்து.

யாரும் கட்டிப்பிடிக்கவில்லை.
குணாளன் காறித் துப்பினான், தரையில்.
ரொபியுல் சீட்டை எடுத்து இன்னொரு முறை பார்த்தான்.
ராத்திரி ஏழு மோட்டார்கள் முகம் திருப்பிக்கொண்டன.
இரண்டு திரும்பவில்லை.

என்னாலா? தெரியாது.
மழையும் விடவில்லை.
நடக்காத சண்டைக்குச் சாட்சி கிடையாது,
பதக்கமும்.

கேள்வி பதினான்கு: வெற்றியை எவ்வாறு அளப்பீர்கள்?

காலையில் ரொட்டி பாய் ஹாரன் அடித்து வந்தார்,
பொட்டலங்கள் மோட்டாரின் இரு பக்கமும் தொங்க.
"கொங்சிப் பக்கம் எத்தன வித்துச்சு பாய்?"
"இருபத்தொம்பது."
வழக்கமாக முப்பத்திரண்டு.

கட்டம் காலியாக இருக்கட்டும்.
செருப்பைத் தேடுகிறேன்.
அந்த மூன்று பேர் யார்?